ஹோல்டான் சொன்னால் வண்டி நிற்கும்

ரமாபாய் எங்கள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தபோது அவளை எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. முதலாவது, அவள் உட்காரவே மாட்டாள். ஆசிரியர் அறையில் என் எதிர் நாற்காலி அவளுடையது. அதில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததைவிட ஜன்னல் வழியாக வந்த காக்கை உட்கார்ந்து பார்த்ததுதான் அதிகம். நின்றுகொண்டே டீ குடிப்பாள். நின்றுகொண்டே விடைத்தாள் திருத்துவாள். வகுப்பு இல்லாத நேரத்தில் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் குட்டி போட்ட பூனை மாதிரி நடப்பாள். பார்க்கிற நமக்குத்தான் கால் வலிக்கும்.

இரண்டாவது, அவளுடைய தோள்பை. அலமாரியில் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு தட்டு உண்டு. அவளுக்கும் ஒன்று ஒதுக்கியிருந்தோம். அதில் ஒரு சாக்பீஸ் துண்டைக்கூட அவள் வைத்ததில்லை. புத்தகம், சாப்பாட்டு டப்பா, குடை எல்லாம் அந்தப் பைக்குள்ளேயே கிடக்கும். அதைத் தோளிலிருந்து இறக்கவும் மாட்டாள். ஸ்டாப்பிங்கில் பஸ்ஸுக்கு நிற்கிறவள்கூட இவளைவிட நிம்மதியாக நிற்பாள் என்று நான் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மூன்றாவது, சத்தம். அதைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பிலோமி, தமிழ்த்துறை. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் 'இன்னா', கல்லூரி வாசலைத் தாண்டினால் 'என்ன'. இருபது வருடத்துக்கு மேலாக இந்த இரட்டை நாக்கோடுதான் பிழைப்பு ஓடுகிறது. எங்கள் கல்லூரி திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டியது. வாசலில் கண்டெய்னர் டிரெய்லர்கள் துறைமுகத்துக்குப் போக வரிசை கட்டி நிற்கும். காலையில் பெஞ்சைத் துடைத்தால் துணியில் எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஒட்டும். இடப் பற்றாக்குறையால் ஒரு பெரிய ஹாலைப் பலகை வைத்துத் தடுத்து இரண்டு வகுப்பாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் என்னுடைய தமிழ். அந்தப் பக்கம் பி.காம். பிள்ளைகளுக்கு ரமாபாயின் புள்ளியியல்.

நான் இங்கே தலைவனைப் பிரிந்த தலைவியின் துயரத்தை உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் டம் டம் என்று மேசையில் இரண்டு அடி விழும். கூடவே யாராவது "ஹோல்டான்!" என்று கத்துவார்கள். தலைவியின் கண்ணீர் அதோடு காய்ந்துபோகும். கொஞ்ச நேரம் ரமாபாயின் குரல். பிறகு அதே பிள்ளை "ரைட்!" என்று கத்தும். இது கல்லூரியா, வள்ளலார் நகர் பஸ் ஸ்டாண்டா என்று கேட்கத்தான் ஒருநாள் இடைவேளையில் அவளைத் தேடிப் போனேன்.

"எங்க நைனா டிரெய்லர் ஓட்டினவரு அக்கா," என்றாள் அவள், நடந்துகொண்டே. "வண்டிய ரிவர்ஸ் எடுக்கறப்ப டிரைவருக்குப் பின்னால ஒண்ணும் தெரியாது. க்ளீனர் கீழ எறங்கி நின்னுகினு 'வா, வா'ம்பாரு. இடிக்கிற மாதிரி இருந்தா பாடியில ரெண்டு தட்டு தட்டி 'ஹோல்டான்'. அப்பால அவரு 'ரைட்'டுன்னு சொல்றவரிக்கும் வண்டி ஒரு இன்ச்சு நகரக்கூடாது. ஓனரே வண்டில குந்திகினு இருந்தாலும் சரி. நம்ம கிளாஸும் அதாங்க்கா. நான் போர்டப் பாத்துகினு எழுதறேன். பின்னால எவன் எங்க முட்டிகினு கீறான்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"கையைத் தூக்கிக் கேட்கச் சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"கையத் தூக்கறவன் பாதி புரிஞ்சவங்க்கா. ஒண்ணுமே புரியாதவன் கை கீழதான் கீது. ஆனா மேசைய தட்றதுக்கு அவனுக்குக் கூச்சமில்ல. அவங்கப்பனும் வண்டியத் தட்டினவன்தான்."

அவள் வகுப்பில் இன்னொரு சட்டமும் உண்டு. ஹோல்டான் விழுந்தால் அதே விளக்கத்தைத் திரும்ப ஒப்பிக்கக்கூடாது. வேறு மாதிரி சொல்லவேண்டும். அதற்கும் ரைட் வரவில்லையென்றால் இன்னொரு மாதிரி. தட்டிய பிள்ளை ரைட் சொல்லாமல் பாடம் அடுத்த வரிக்குப் போகாது. சண்டைக்குப் போன நான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவள் கதை தெரிந்தது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்தவள். தெருவில் பசங்கள் பந்தை உதைத்துக்கொண்டிருக்க, இவள் மாடிப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் போட்டு எம்.எஸ்ஸி. முடித்தவள். எங்களுடையது அவளுக்கு ஐந்தாவது கல்லூரி. எங்கேயும் யாரும் அவளைப் போகச் சொன்னதில்லை. அவளேதான் போனாள். ஒரு கல்லூரியில் "எந்த ஏரியா?" என்று கேட்டார்கள். வியாசர்பாடி என்றாள். "ஓ" என்றார்கள். அந்த "ஓ"வுக்குப் பிறகு யாரும் அவளோடு சேர்ந்து டப்பாவைத் திறக்கவில்லை. இன்னொரு இடத்தில் முதல்வர் அறைக்குக் கூப்பிட்டு, பேச்சைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும்படி அன்பாகச் சொன்னார்கள். அன்பாகச் சொன்னதுதான் தாங்கவில்லை என்றாள். எங்கே போனாலும் உப்புக்குச் சப்பாணிதானே, சப்பாணி எதற்கு நாற்காலியைச் சூடாக்க வேண்டும் என்று கேட்டாள்.

இப்படி இருக்கையில்தான் புள்ளியியலுக்கு ஒரு நிரந்தர இடம் வந்தது. துறைத்தலைவர் அருள்பிரகாசம் சார் ஆசிரியர் அறைக்கே வந்து சொன்னார். நல்ல மனிதர், ஆனால் தன் நிழல் நகர்ந்தாலும் பயப்படுகிறவர். நிர்வாகத்திலிருந்து செயலாளரும், வெளியிலிருந்து ஒரு பேராசிரியரும் வந்து ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்ப்பார்கள். பிடித்தால், அதுவரை டெம்பரரியாக இருந்த ரமாபாய்க்கு அந்த இடம். பார்வையாளர்களோடு மூத்த ஆசிரியர் என்ற முறையில் நானும் உட்காரவேண்டும்.

அந்த நிமிடம் ரமாபாயின் முகத்தைப் பார்த்தேன். வேண்டும் என்ற ஆசை இவ்வளவு பச்சையாக ஒரு முகத்தில் தெரிந்து நான் பார்த்ததில்லை. எனக்கே சங்கடமாகிவிட்டது. அன்று சாயங்காலம் அவள் அலமாரியில் தனக்கு ஒதுக்கிய தட்டை விரலால் தடவி, தூசியை ஊதிவிட்டுப் போனாள்.

"புதுப்பாடம் வேண்டாம்மா," என்றார் அருள்பிரகாசம் சார். "ஏற்கனவே நடத்தின சராசரியையே நடத்துங்க. பிள்ளைங்க டாண் டாண்ணு பதில் சொல்லும். இங்கிலீஷ்லயே இருக்கட்டும். அப்புறம் அந்தத் தட்டறது... அது மட்டும் வேண்டாம். செயலாளருக்குச் சத்தமே ஆகாது."

ஊரில் எல்லாக் கல்லூரியிலும் நடக்கிற கூத்துதான் இது. பார்வையாளர் வருகிறார் என்றால் நடத்திய பாடத்தையே புதிதுபோல நடத்துவோம், பிள்ளைகளும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்கும். நானும் பலமுறை செய்திருக்கிறேன். ரமாபாய்க்கு இது முதல் தடவை. முந்தைய நாள் பலகைக்கு அந்தப் பக்கம் அவள் பிள்ளைகளிடம் கெஞ்சியது என் காதில் விழுந்தது.

"நாளிக்கு ஒரு நாள் மட்டும். தட்டாதீங்க. ஹோல்டான் வேணாம். எனி டவுட்ஸ்னு கேப்பேன், நோ மேம்னு சொல்லுங்க. என் வேலையே இதுல கீது."

"கவலப்படாதீங்க மேம், கைய கட்டிகினு குந்திகினு இருக்கோம்," என்றான் தீனா. அவன் எண்ணூர்ப் பிள்ளை, அந்த வகுப்பிலேயே அதிகம் தட்டுகிறவன். காசிமேட்டு நவ்ரீன், "எங்க உசுரு போனாலும் தட்ட மாட்டோம் மேம்," என்றாள். வகுப்பே சிரித்தது.

மறுநாள் ரமாபாய் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் வந்தாள். தோளில் பை இல்லை. அது இல்லாமல் கைகளை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. செயலாளர், வெளிப் பேராசிரியர், அருள்பிரகாசம் சார், நான் நால்வரும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். சுத்தமான ஆங்கிலம். மனப்பாடம் செய்த ஜெபத்தைச் சொல்கிற மாதிரி மூச்சு விடாமல் சொன்னாள். பிள்ளைகள் சர்ச்சில் முதல் வரிசையில் உட்கார்ந்த மாதிரி அசையாமல் இருந்தார்கள். செயலாளரின் முகம் மலர்ந்தது.

சராசரிக்கு ஓர் உதாரணம் சொல்லவேண்டிய இடம் வந்தது. வழக்கமாகச் சொல்கிற டிரெய்லர் அவள் வாயில் தானாக வந்துவிட்டது. எண்ணூரிலிருந்து துறைமுகத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. காலியாக அறுபதில் திரும்புகிறது. சராசரி வேகம் என்ன? இரண்டையும் கூட்டி, இரண்டால் வகுத்து, நாற்பது என்று எழுதினாள்.

நான் தமிழ் படித்தவள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆனால் வகுப்பில் ஏதோ ஆகிவிட்டது. நவ்ரீன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். தீனா அடையாள அட்டையின் நாடாவை வாயில் வைத்துக் கடித்தான். ஒரு பெண் கண்ணையே மூடிக்கொண்டாள். என் பக்கத்திலிருந்த வெளிப் பேராசிரியர் புருவத்தைத் தூக்கினார். பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த தப்பு அது. இதே உதாரணத்தை வைத்து, 'நாற்பதுன்னு எவனாவது சொன்னா டிரைவருங்க சிரிப்பாங்க' என்று அவளே போன மாதம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அன்றைக்குப் பயத்தில், அவர்கள் போடக்கூடாது என்று அவள் சொன்ன தப்பை அவளே போட்டிருந்தாள்.

"எனி டவுட்ஸ்?" என்றாள்.

"நோ மேம்," என்றது வகுப்பு, ஒரே குரலில்.

அவள் சாக்பீஸோடு அப்படியே நின்றாள். அவளுக்குத் தப்பு தெரியவில்லை, அந்த அமைதிதான் ஏதோபோல் பட்டது என்று பின்னால் சொன்னாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போர்டைப் பார்த்தாள். காதுமடல் சிவந்தது. அழித்துவிட்டு மேலே போயிருக்கலாம். செயலாளருக்குக் கணக்கு தெரியாது, பேராசிரியரும் பெருந்தன்மையாக விட்டிருப்பார். நானாயிருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

அவள் உள்ளங்கையால் போர்டில் இரண்டு தட்டு தட்டினாள். டம் டம். சாக்பீஸ் தூள் பறந்தது.

"ஹோல்டான்," என்றாள். "இன்னாடா, தப்பா போட்டு வச்சிக்கீறேன், பாத்துகினு சும்மா குந்திகினு கீறீங்க?"

நவ்ரீனுக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்கதான மேம் சொன்னீங்க, இன்னிக்குத் தட்டக்கூடாதுன்னு! நோ மேம்னு சொல்லச் சொன்னீங்கல்ல!"

அருள்பிரகாசம் சார் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். செயலாளர் அவரைத் திரும்பிப் பார்த்தார். நடத்திய பாடத்தை நடத்துகிறோம், சொல்லிக் கொடுத்த பதிலைச் சொல்கிறார்கள் என்று எல்லாமே ஒரே வாக்கியத்தில் உடைந்துபோயிற்று.

"ஓனர் வண்டில கீறாருன்னா க்ளீனர் தட்டாம இருப்பானாடா?" என்றாள் ரமாபாய்.

"இடிச்சிரும் மேம்," என்றான் தீனா.

"அப்ப தட்டு."

அவன் தட்டினான். அவ்வளவுதான், அணை உடைந்தது. எழுந்து நின்றார்கள், கத்தினார்கள். தூரம் இருபது கிலோமீட்டர் என்று வைத்தால் போக ஒரு மணி நேரம், வர இருபது நிமிடம், மொத்த தூரம் நாற்பது, மொத்த நேரம் எண்பது நிமிடம், ஆக முப்பதுதான் என்று தீனா போர்டுக்கே வந்து எழுதினான். "மெதுவாப் போற நேரம்தான் ஜாஸ்தி மேம், அதான் சராசரிய கீழ இஸ்துகினு போவுது," என்று எங்களுக்கு முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. வெளிப் பேராசிரியர் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார். செயலாளர் சிரிக்கவில்லை. மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். எனக்கோ கை தட்டவேண்டும் போலிருந்தது, தட்டவில்லை.

அதற்குப் பிறகு முடிவு வரும்வரை ரமாபாய் ஓர் இடத்தில் நின்றதில்லை. முன்பு நடந்தவள் இப்போது ஓடினாள். அலுவலகக் கதவு திறந்தால் திரும்புவாள், போன் அடித்தால் பதறுவாள். "வரட்டும், வந்தா மலை, போனா மயிருன்னு இருக்கணும்க்கா," என்பாள், அடுத்த நிமிடமே, "பேராசிரியர் சிரிச்சாரில்ல? நீங்க பாத்தீங்கல்ல?" என்பாள். பை மறுபடி தோளுக்கு ஏறியிருந்தது.

கடைசியில் அருள்பிரகாசம் சார்தான் வந்து சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டே. வகுப்பில் ஒழுங்கு போதாது என்று எழுதியிருந்தார்களாம். இடம் வேறு ஒருவருக்குப் போயிற்று. "நீங்க டெம்பரரியா எப்பவும்போல இருங்கம்மா, அதுல ஒண்ணும் பிரச்சனை இல்ல," என்றார். அவள் அதற்கு நன்றி சொன்னாள்.

அன்றைக்கே கிண்டியைத் தாண்டி ஏதோ ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். கூப்பிட்டும் விட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. என்னிடம் சொன்னபோது, "போ தாயி, நல்லா இரு," என்றுதான் சொன்னேன். வேறென்ன சொல்வது? எங்கள் பங்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பலகைக்கு இந்தப் பக்கம் நான் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். நடத்தினேன் என்று பேர். என் காது அந்தப் பக்கம்தான் இருந்தது.

"சரி," என்றாள் ரமாபாய். "திங்கக்கெழமலேர்ந்து வேற ஆளு வருவாங்க. நான் கெளம்பறேன். நல்லா படிங்க."

டம் டம். "ஹோல்டான்." தீனாவின் குரல்.

"இன்னாடா?"

"புரியல மேம்."

"இன்னா புரியல?"

"நீங்க எதுக்குப் போறீங்கன்னு புரியல."

"டேய், வேலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. எனக்கு இல்லன்னுட்டாங்க. புரிஞ்சிதா?"

டம் டம். "ஹோல்டான்," என்றாள் நவ்ரீன். "அவங்க ஏன் குடுக்கலன்றதச் சொல்றீங்க மேம். நீங்க ஏன் போறீங்கன்னுதான் கேக்கறோம். வேற மாதிரி சொல்லுங்க."

அவள் நடக்கிற செருப்புச் சத்தம் மட்டும் போர்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கேட்டது. "எத்தினி வருசம்தான் நான் டெம்பரரியாவே இருக்கறது? எனுக்குன்னு ஒரு எடம் வேணாவா?" என்றாள்.

டம் டம். இந்தத் தடவை யாரென்று தெரியவில்லை, இதுவரை நான் கேட்டிராத சின்னக் குரல். "அப்ப இது யாரு எடம் மேம்?"

"பேஜாரு பண்ணாதீங்கடா!" என்று கத்தினாள் அவள். "பெல் அடிக்கப் போவுது. எவனாச்சும் ரைட்டு சொல்லுங்க. நான் போவணும்."

யாரும் சொல்லவில்லை. மணி அடித்தது. பெஞ்சு நகரவில்லை, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் பெஞ்சில் மலர்க்கொடி என்று ஒரு பெண், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள். என் வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அவள் மெல்லக் கையைத் தூக்கி, என்னைப் பார்த்துக்கொண்டே, மேசையில் இரண்டு தட்டு தட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவன். அப்புறம் ஹால் முழுக்கத் தட்டு.

நானும் எழுந்து போய் உள்ளங்கையால் பலகையில் இரண்டு அடி அடித்தேன்.

"இன்னாமே ரமா!" என்று கத்தினேன். கல்லூரிக்குள் என் வாயில் அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. "எனுக்கும் புரியல. வேற மாதிரி சொல்லு!"

இரண்டு பக்கமும் தட்டு நின்றது. வெளியே நெடுஞ்சாலையில் எந்த வண்டிக்கோ எவனோ 'வா வா' சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் மேசைமேல் ஏதோ கனமாக வைக்கப்பட்டது. பிறகு நாற்காலி இழுபட்டது. அவள் உட்கார்ந்தாள்.

ரமாபாய் இன்னும் டெம்பரரிதான். ஒவ்வொரு ஜூனிலும் போய்விடப்போகிறேன் என்று வராந்தாவில் நடப்பாள், நானும் திட்டுவேன். அலமாரித் தட்டில் அவள் குடையும் ஒரு டீ டம்ளரும் இருக்கின்றன. தீனாவும் நவ்ரீனும் அந்த வகுப்பும் போன வருடம் படிப்பை முடித்துவிட்டுப் போனார்கள். விடைபெறும் நாளில் அவளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள், அழுதார்கள், அவள் காலில் விழப்போய்த் திட்டு வாங்கினார்கள். ஆனால் ஒருவர்கூட ரைட் சொல்லவில்லை.